மூன்று மருத்துவர்கள், மூன்று பெயர்கள்: அண்ணனுக்கு வந்திருப்பது எந்த வகை மனச்சோர்வு?

கேள்வி: காவேரிப்பட்டணத்தான்

அனைவருக்கும் வணக்கம். நான் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், காவேரிப்பட்டணத்திற்கு அருகில் உள்ள ஒரு சிற்றூரைச் சேர்ந்தவன். என் அண்ணனுக்கு 38 வயது. மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்து, காய்களை மாங்கூழ் ஆலைகளுக்கு அனுப்புவது அவருடைய தொழில். கடந்த ஒன்றேகால் ஆண்டில் அவரை மூன்று மருத்துவர்களிடம் அழைத்துச் சென்றோம். மூவரும் மூன்று விதமாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

முதலாமவர் சீட்டில் 'எஃப் 32.1' என்று நோய்க் குறியீட்டு எண்ணை எழுதி, இது மிதமான மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை தந்தார். சில மாதங்களுக்குப் பிறகு பார்த்த இரண்டாமவர், அம்மாவிடம் நீண்ட நேரம் பேசிவிட்டு, இது பல ஆண்டுகளாக உள்ளே இருந்துகொண்டே இருக்கும் டிஸ்தைமியா என்றார். அவர் எழுதிய எண் 'எஃப் 34.1'. சென்ற மாதம் பார்த்த மூன்றாமவரோ முன்னால் ஒரு கேள்விக்குறியைப் போட்டு, அதன் பக்கத்தில் 'பி.பி.ஏ.டி.' என்று எழுதியிருக்கிறார். அதற்குப் பொருள் பைபோலார், அதாவது மனம் சில காலம் தாழ்ந்தும் சில காலம் அளவுமீறி எழுந்தும் வரும் நோய் என்று மருந்துக்கடைத் தம்பி சொன்னபோது வீட்டில் எல்லோரும் ஆடிப்போனோம். மருத்துவருக்கே சந்தேகம் என்றால் கேள்விக்குறியை நாங்கள் எப்படி எடுத்துக்கொள்வது?

இப்போதைய நிலை இதுதான்: மூன்று மாதங்களாகப் பகல் 11 மணி வரை படுக்கையை விட்டு எழுவதில்லை, கை கால்கள் ஈயக்குண்டு கட்டியதுபோல் கனக்கின்றன என்கிறார், யார் கூப்பிட்டாலும் கைப்பேசியை எடுப்பதில்லை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைக்கூட அண்ணிதான் கவனிக்கிறார். அப்பா 2019இல் காலமானதில் தொடங்கியது இது என்று அண்ணியும், கல்லூரிக் காலத்திலிருந்தே அவன் முகம் சுண்டித்தான் இருக்கும் என்று அம்மாவும் சொல்கிறார்கள். அம்மா ஒரு பக்கம் குறி கேட்டுக் கையில் கயிறும் கட்டிவிட்டிருக்கிறார்.

ஊரில் சிலர் இவரைச் சோம்பேறி என்று பேசுவதுதான் எனக்குத் தாங்கவில்லை. 2022இல் பூ பிடிக்கும் காலத்திலேயே நான்கு தோப்புகளை ஒன்றாகக் குத்தகைக்கு எடுத்து, விடியற்காலை 3 மணிக்கெல்லாம் தோப்பில் நின்று, கடன் வாங்கிக் குட்டியானை வண்டியும் வாங்கி ஓட்டிய மனிதர் இவர். அவ்வளவு சுறுசுறுப்பாக அவரை அதற்கு முன்பு நாங்கள் பார்த்ததே இல்லை.

இரத்தத்தில் பார்த்துச் சொல்ல வழியில்லை, படம் எடுத்தும் தெரியாது என்கிறார்கள். வெறும் பேச்சை வைத்து இந்த வகைகளை எப்படிப் பிரிக்கிறார்கள்? மூன்றில் எதை நம்புவது?

---

பதில் 1: வத்தல்மலையான்

பெயரில் என்ன இருக்கிறது? மனிதர் துவண்டு கிடக்கிறார். துவண்டு கிடப்பவருக்கு மருந்து கொடுக்க வேண்டும், கூட இருந்து ஆறுதல் சொல்ல வேண்டும். எண்ணையும் எழுத்தையும் வைத்து ஆராய்ச்சி செய்வதால் குடும்பத்துக்குப் பயம்தான் மிஞ்சும். மூன்று மருத்துவருக்கும் அலைந்த செலவில் ஒருவரையே தொடர்ந்து பார்த்திருக்கலாம் என்பது என் கருத்து.

---

பதில் 2: தென்பெண்ணைக் கரை

நான் மனநல மருத்துவராக அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். எழுதியதைப் படித்து, நேரில் பார்க்காத ஒருவருக்கு நோயின் பெயரைச் சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். அந்த மூன்று சீட்டுகளையும் எப்படிச் சேர்த்துப் படிப்பது என்பதை மட்டும் விளக்குகிறேன்.

அதற்கு முன்பு ஒன்று. உயிரோடு இருப்பதில் அலுப்பு, செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு ஆகியவை இருக்கின்றனவா என்று அண்ணனிடம் நேரடியாகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் அஞ்சுகிறார்கள்; அந்த அச்சத்துக்கு அடிப்படை இல்லை. தோப்புத் தொழில் என்பதால் பூச்சிமருந்து வீட்டிலோ மோட்டார் அறையிலோ இருக்கும். இன்றைக்கே அதை வேறு ஒருவர் பொறுப்பில், வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள். 'ஆம்' என்று பதில் வந்தால் அவரைத் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இரவு நேரத்தில் வழி கேட்க, அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண் இருக்கிறது. 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது, தமிழிலும் பேசலாம்.

வத்தல்மலையாருக்கு ஒரு வார்த்தை. மாமரத்தில் பூ கொட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தத்துப்பூச்சியாலும் கொட்டும், சாம்பல் நோயாலும் கொட்டும், பருவம் தவறிய மழையாலும் கொட்டும். முதலாவதற்குப் பூச்சிமருந்து, இரண்டாவதற்குக் கந்தகம், மூன்றாவதற்குத் தெளிக்க எதுவுமே இல்லை. 'பூ கொட்டுகிறது' என்பதை மட்டும் சொல்லி மருந்து வாங்கும் குத்தகைக்காரர் எவரும் இந்த மாவட்டத்தில் இருக்க மாட்டார். பெயர் முக்கியம், ஏனென்றால் பெயரை ஒட்டித்தான் மருந்து மாறுகிறது. சாதாரண மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரையை, பைபோலார் உள்ள ஒருவருக்கு அதை மட்டும் தனியே தந்தால், சிலருக்கு அது மனத்தை மறுகோடிக்குத் தூக்கிவிடும்.

இனி சீட்டுகள். முதல் மருத்துவர் எழுதியது ஒரு நோயின் வரலாற்றை அன்று; ஒரு காலகட்டத்தின் நிலையை. தொடர்ந்து 2 வாரங்களாவது, நாளின் பெரும்பகுதியும், மனம் தாழ்ந்திருப்பது அல்லது எதிலும் நாட்டம் அற்றுப்போவது என்ற இரண்டில் ஒன்று இருந்தாக வேண்டும். அதனுடன் தூக்கம், பசி, உடல் வலு, கவனம், அசைவின் வேகம், தன்னைப் பற்றிய மதிப்பு, குற்றவுணர்வு, சாவைப் பற்றிய நினைப்பு போன்றவற்றில் மாறுதல்கள் கூட வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு மொத்தம் 9 அறிகுறிகளில் 5 வேண்டும் என்கிறது. இதைப் பெருமனச்சோர்வு என்கிறோம். அன்று எதிரே உட்கார்ந்திருந்த மனிதரிடம் இது தெரிந்தது, அவர் எழுதினார். அதில் பிழை இல்லை.

இரண்டாமவர் அம்மாவிடம் பேசியிருக்கிறார். டிஸ்தைமியா என்பது ஆழம் குறைந்த, நீளம் மிகுந்த சோர்வு. பெரியவர்களுக்குக் குறைந்தது 2 ஆண்டுகள், அதற்கிடையில் 2 மாதங்களுக்கு மேல் தெளிவான இடைவெளி இல்லாமல் இருந்தால்தான் அந்தப் பெயர். இவர்கள் வேலைக்குப் போவார்கள், திருமணம் செய்வார்கள், மொய் எழுதுவார்கள். ஆனால் எதிலும் ருசி இருக்காது. 'அவன் சுபாவமே அப்படித்தான்' என்று வீட்டில் சொல்லிவிடுவதால் பெரும்பாலும் மருத்துவரிடம் வந்து சேருவதே இல்லை. இந்த நீண்ட சோர்வின் மேலேயே பெருமனச்சோர்வும் வந்து கவிவதுண்டு என்பதால் முதல் சீட்டும் இரண்டாவது சீட்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

மூன்றாமவர் கேள்விக்குறி போட்டதைக் குறையாக எண்ணாதீர்கள். நான் அந்த மருத்துவரை மெச்சுகிறேன். 'இதை விசாரித்தாக வேண்டும், இன்னும் முடிவு செய்யவில்லை' என்பதே அதன் பொருள். ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரேப்பெலின் 1899இல் மனநோய்களைப் பெரும் பிரிவுகளாக வகுத்தபோது, நோயாளி இன்று எப்படி இருக்கிறார் என்பதைவிட நோய் ஆண்டுக்கணக்கில் எப்படி நடந்து வந்திருக்கிறது என்பதையே அளவுகோலாகக் கொண்டார். ஏறியும் இறங்கியும் வருவதை, இறங்கி மட்டுமே வருவதிலிருந்து மற்றொரு ஜெர்மானிய மருத்துவரான கார்ல் லியோன்ஹார்ட் 1957இல் பிரித்துக் காட்டினார். இன்று வரை நாங்கள் அந்த வழியில்தான் நடக்கிறோம். படுத்துக் கிடக்கும் நாளில் பைபோலாரும் சாதாரண மனச்சோர்வும் ஏறக்குறைய ஒரே முகம்தான். வேறுபாடு, படுக்காத நாள்களில் இருக்கிறது.

ஆகவேதான் உங்கள் கேள்வியில் நோயைப் பற்றி எழுதிய பத்திகளைவிட, ஊராரின் பேச்சுக்கு மறுப்பாக எழுதிய பத்தி என்னை நிறுத்தியது. 2022இல் 3 மணிக்கு எழுந்தார் என்கிறீர்கள். மனச்சோர்வின் ஒரு வகையிலும், மெலங்கோலியா என்போமே, அதில் நோயாளி வழக்கத்தைவிட 2 மணி நேரமோ அதற்கு மேலோ முன்னதாக விழித்துக்கொள்வார். காலை வேளைதான் அவருக்கு மிகக் கொடியது. விழித்து, இருட்டில் மல்லாந்து படுத்து, விடியப்போகிறதே என்று அஞ்சிக்கொண்டிருப்பார். பைபோலாரின் மறுகோடியான எழுச்சியில் இருப்பவரும் 3 மணிக்கு விழிப்பார். ஆனால் எழுந்து தோப்புக்குப் போவார், மூன்று மணி நேரம் தூங்கியும் பகலில் களைப்பே தெரியாது. எத்தனை மணிக்கு விழித்தார் என்பது எனக்குப் போதாது. விழித்து என்ன செய்தார், அன்று மாலை எப்படி இருந்தார் என்பது வேண்டும். அண்ணன் அந்தக் காலத்தில் வழக்கத்தைவிட அதிகமாகவும் வேகமாகவும் பேசினாரா, ஒரு யோசனையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவினாரா, கைமீறிய பணத்தை இறக்கினாரா, தடுத்தால் எரிந்து விழுந்தாரா, அது எத்தனை நாள் நீடித்தது, அந்த நாள்களில் குடி இருந்ததா? 4 நாள்களுக்குக் குறையாமல் நீடித்து, பிறர் கண்ணுக்கே வித்தியாசமாகத் தெரிந்து, ஆனால் வாழ்க்கையை முற்றாகக் குலைக்காமல் போனால் அது ஹைப்போமேனியா. ஒரு வாரமும் அதற்கு மேலும் போய்க் குடும்பத்தையோ தொழிலையோ குலைத்தால், அல்லது மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், அது மேனியா.

அதே சமயம், நன்றாக விளைந்த பருவத்தில் ஒரு மனிதர் உற்சாகமாக ஓடி உழைத்ததையெல்லாம் நோய்க் கணக்கில் எழுதிவிடாதீர்கள். மா வியாபாரிக்குச் சித்திரை வைகாசியில் தூக்கம் குறையத்தான் செய்யும். அவருடைய பிற பருவங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே நியாயம்.

அப்பாவின் மறைவு பற்றி அண்ணி சொன்னதையும் தள்ளிவிடக் கூடாது. துயரம் அலை அலையாக வரும், இறந்தவரைச் சுற்றியே இருக்கும், நடுவில் ஒரு பழைய கதைக்குச் சிரிக்கவும் முடியும். மனச்சோர்வில் 'நான் எதற்கும் உதவாதவன்' என்ற எண்ணம் இறந்தவரை விட்டுத் தன்மேல் திரும்பிவிடும். இப்போதைய நிலை துயரம் மட்டும்தான் என்று கொள்ள, நீங்கள் எழுதியதில் எனக்கு எதுவும் தென்படவில்லை.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மூன்று சீட்டுகளையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய மருத்துவமனையில் உள்ள அடிப்படை மருத்துவப் பதிவைக் கேட்டுப் பெற 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அண்ணனுக்கு உரிமை தருகிறது.

---

பதில் 3: பென்னாகரத்து மகள்

ஐயா எழுதியதில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் இரண்டு ஆண்டுகள் அதனால்தான் வீணாயின. என் அம்மாவுக்கு அப்போது 61 வயது. மூட்டு வலி, முதுகு வலி, உடம்பெங்கும் எரிச்சல், எழுந்து நடக்க மனமில்லாமை. எங்கள் பக்கத்தில் இப்படி ஒருவர் சொன்னால் உடனே எல்லோரும் சொல்வது, 'ஃபுளோரைடு தண்ணீர்தான் காரணம்' என்பது. சொல்வதில் பொருளும் இருக்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல் வருவதற்கு முன்பு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த எங்கள் தலைமுறைக்குப் பல்லிலேயே அதன் கறை இருக்கிறது. அதனால் அம்மாவை எலும்பு மருத்துவரிடமே அழைத்துப் போனோம். படம் எடுத்தார்கள், வலி மாத்திரை தந்தார்கள், அம்மா மேலும் மெலிந்தார்.

அரசு மருத்துவமனையில் ஒரு பெண் மருத்துவர்தான் வலியைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டு, 'பேரப்பிள்ளை வந்தால் மடியில் தூக்கிக்கொள்வீர்களா அம்மா?' என்று கேட்டார். அம்மா பதில் சொல்லாமல் அழுதார். நாங்கள் அருகில் நின்றும் அதுவரை அந்தக் கேள்வி எங்களுக்குத் தோன்றவில்லை. எங்கள் அம்மாக்கள் 'மனசு சரியில்லை' என்று சொல்லப் பழகவில்லை. வயிறு எரிகிறது, தலை கனக்கிறது, உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருக்கிறது என்றே சொல்வார்கள்.

அதோடு முடியவில்லை. அந்த மருத்துவர் மனச்சோர்வு என்று எழுதுவதற்கு முன்பு இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். தைராய்டு சுரப்பு மிகக் குறைவாக இருந்தது, இரத்தச்சோகையும் இருந்தது. தைராய்டு குறைவிலும் சோர்வு, மந்தம், மறதி, எடை மாற்றம் எல்லாம் வரும் என்றும், அதைச் சரிசெய்யாமல் மனத்துக்கு மட்டும் மருந்து தருவதில் பயனில்லை என்றும் விளக்கினார். தைராய்டு மாத்திரையால் சில மாதங்களில் மந்தம் குறைந்தது, அழுகை குறையவில்லை. அதன் பிறகே மனச்சோர்வுக்கும் மருந்து தொடங்கினார்கள். ஆக, அம்மாவுக்கு இரண்டுமே இருந்தன. இரத்தத்தைப் பார்த்து மனச்சோர்வைச் சொல்ல முடியாது என்பது உண்மை, ஆனால் மனச்சோர்வைப் போல நடிக்கும் பிற நோய்களை இரத்தம் காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் அண்ணனுக்குத் தைராய்டு, இரத்தச் சர்க்கரை, பி12 எல்லாம் பார்த்தாயிற்றா, அண்ணா? மூட்டுவலிக்கோ இளைப்புக்கோ ஸ்டீராய்டு ஏதேனும் எடுக்கிறாரா என்பதையும் சொல்லுங்கள். அந்த மருந்தாலும் மனநிலை புரளும் என்று அந்த மருத்துவர் எங்களை எச்சரித்தார்.

வயதானவர்கள் வீட்டில் இருப்போருக்காக இதையும் எழுதிவிடுகிறேன். அம்மாவுக்கு மறதி நோய் என்றும் ஒருவர் பயமுறுத்தியிருந்தார். மறதி நோய் உள்ளவர் தெரியாததைச் சமாளித்து மறைக்கப் பார்ப்பார். மனச்சோர்வில் இருப்பவர் 'எனக்கு ஒன்றுமே ஞாபகமில்லை' என்று தாமாகவே முறையிடுவார், கேட்டதற்கெல்லாம் 'தெரியாது' என்பார். அம்மா இரண்டாவது வகை. இன்று பேரனின் வீட்டுப்பாடக் கணக்கைச் சரிபார்க்கிறார்.

---

பதில் 4: ஓசூர் இரவுப்பணி

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் முறை மாற்றிப் பணி செய்துவந்தவன். எனக்கு இரண்டாம் வகை பைபோலார், அதாவது முழு மேனியா இல்லாமல் ஹைப்போமேனியாவும் மனச்சோர்வும் வரும் வகை என்று 29ஆவது வயதில் சொன்னார்கள். அதற்கு முன்பு 7 ஆண்டுகள் வெறும் மனச்சோர்வு என்றே மருத்துவம் நடந்தது. இதில் மருத்துவர்கள் மீது மட்டும் பழி போட மாட்டேன், நானும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதைத்தான் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். படுத்துக் கிடந்தபோது மருத்துவரிடம் போனேன். ஓடித் திரிந்தபோது எதற்குப் போவேன்? அந்த நாள்கள்தாம் என் நல்ல நாள்கள் என்று நினைத்தேன். ஒருமுறை ஆறே நாள்களில் தவணைக்கு மூன்று கைப்பேசிகள் வாங்கினேன். இரண்டு இரவுப்பணிகளை அடுத்தடுத்துப் பார்த்துவிட்டுப் பகலிலும் தூங்காமல் வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். மனைவி பயந்தாள், நான் சிரித்தேன். பிறகு மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸுக்குப் போனபோது, என்னை வெளியே உட்கார வைத்துவிட்டு மனைவியிடம் தனியாக ஒரு மணி நேரத்துக்குப் பக்கமாகப் பேசினார்கள். அந்த ஒரு மணி நேரம் 7 ஆண்டுகளில் யாரும் கேட்காதது. பெங்களூரில் ஓசூர் சாலையிலேயே இருக்கும் அந்த மருத்துவமனைக்கு நம் பக்கத்து ஆட்கள் போய்வருவது எளிது, ஆனால் உள்ளூரில் நம்பிக்கையான மருத்துவர் கிடைத்துவிட்டால் அலைய வேண்டியதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன.

கைப்பேசியில் சுற்றிவரும் ஒன்பது கேள்விப் பட்டியலைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். அதன் பெயர் பி.எச்.கியூ.-9, நல்ல கருவிதான், மருத்துவர்களே பயன்படுத்துகிறார்கள். மொத்தம் 27 மதிப்பெண், 10ஓ அதற்கு மேலோ வந்தால் முறையாகப் பரிசோதிக்க வேண்டும் என்பார்கள். நான் 17 வாங்கினேன். ஆனால் அது கடந்த 2 வாரங்களை மட்டுமே கேட்கிறது. சோர்வு எவ்வளவு என்று சொல்லுமே தவிர, எந்த வகை என்று சொல்லாது. என் மறுபக்கத்தைப் பற்றி அதில் ஒரு கேள்வியும் இல்லை.

எனக்கு மனநிலையைச் சமப்படுத்தும் லித்தியம் என்ற மருந்தைத் தருகிறார்கள். குறித்த இடைவெளியில் இரத்தத்தில் அதன் அளவையும், தைராய்டையும், சிறுநீரகத்தையும் பார்க்கிறார்கள்; வெயிலில் வியர்த்து உடல் வறண்டுபோனால் அந்த அளவு கூடி ஆபத்தாகிவிடும் என்பதால் தண்ணீர்ப் புட்டியில்லாமல் நான் வெளியே போவதில்லை. இரவுப்பணியை விட்டுவிடச் சொன்னார்கள், விட்டுவிட்டேன். தூக்கம் கெட்டால் எழுச்சி தூண்டப்படும். பெயரை மாற்ற மனமில்லாததால் மட்டும் பழைய பெயரே இங்கே இருக்கிறது.

உங்களிடம் ஒரே ஒரு கேள்வி, சகோதரரே. முதல் மருத்துவர் தந்த மாத்திரையைத் தொடங்கிய பிறகு அண்ணன் எப்படி இருந்தார்?

---

காவேரிப்பட்டணத்தான்

எல்லோருக்கும் நன்றி. ஓசூர் நண்பரின் கடைசிக் கேள்வியைப் படித்துவிட்டு நானும் அண்ணியும் நெடுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

முதல் மாத்திரை 2024 ஆவணியில் தொடங்கியது. மூன்றாவது வாரத்திலேயே அண்ணன் எழுந்துவிட்டார். மருந்து வேலை செய்கிறது என்று வீட்டில் மகிழ்ந்தோம். அம்மா முருகனுக்குப் பாலாபிஷேகம்கூடச் செய்தார். பத்து நாள்களுக்குள் மேட்டு நிலத்தில் மூன்று இடங்களில் போர் போட ஆள் பேசினார். இரவு 1 மணிக்கு ஆலைக்காரர்களைக் கைப்பேசியில் அழைத்தார். அண்ணி தடுத்தபோது தட்டைச் சுவரில் எறிந்தார். இருபது ஆண்டுகளில் அவர் அப்படிச் செய்ததில்லை. பிறகு மாத்திரை தீர்ந்தது, நாங்கள் மறுபடி வாங்கவில்லை, ஐப்பசிக்குள் மீண்டும் படுத்துவிட்டார். இரண்டாவது மருத்துவரிடம் இவற்றில் ஒன்றையும் சொல்லவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னோம். சோர்வைப் பற்றித்தான் கேட்டார்.

2022ஐப் பற்றியும் அண்ணி சொன்னார். நான்கு தோப்புகளுக்கும் முன்பணம் கட்டியது அண்ணியின் நகையை அடகு வைத்துத்தான். எனக்கு இன்றுவரை தெரியாது. மாசி நடுவில் தொடங்கிய ஓட்டம் பங்குனி முழுவதும் இருந்தது; ஆடியில் படுத்தார். மற்ற பருவங்களில் ஒரு தோப்பு, மிஞ்சினால் இரண்டு தோப்புதான் எடுப்பார். குடி எப்போதாவது உண்டு, அந்த ஆண்டு கொஞ்சம் கூடுதல். தைராய்டு பார்த்ததில்லை; ஸ்டீராய்டு எதுவும் எடுப்பதில்லை.

உயிரைப் பற்றி ஐயா சொன்னபடி கேட்டேன். 'அப்படியெல்லாம் துணிவு எனக்கு ஏது?' என்றார். அந்தப் பதில் எனக்கு நிம்மதி தரவில்லை. பூச்சிமருந்து டப்பாக்களை மாமா வீட்டுக்கு மாற்றிவிட்டோம்.

---

தென்பெண்ணைக் கரை

சரியாகச் செய்தீர்கள், தம்பி. அந்தப் பதிலை 'இல்லை' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மருத்துவரிடம் அதே சொற்களில் சொல்லுங்கள், நாளைத் தள்ளாதீர்கள்.

இப்போது எழுதியதை முதல் இரண்டு மருத்துவர்களும் கேட்டிருந்தால் வேறு விதமாக எழுதியிருப்பார்கள் என்பது என் எண்ணம். மனச்சோர்வு மாத்திரைக்குப் பிறகு வரும் எழுச்சி பைபோலாருக்கு ஒரு சுட்டியே. மருந்தின் வேகம் அடங்கிய பிறகும் அது நீடித்ததா என்பதை வைத்துத்தான் எடை போடுவார்கள். மருந்தே இல்லாத 2022ஆம் ஆண்டின் ஓட்டம் அதைவிடக் கனமான செய்தி.

நீளமான ஒரு தாளில் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். அது அண்ணனின் வழக்கமான நிலை. பிறந்தது முதல் இன்று வரை ஆண்டுகளைக் குறித்து, படுத்த காலங்களைக் கோட்டுக்குக் கீழே பள்ளமாகவும், ஓடிய காலங்களை மேலே மேடாகவும் வரையுங்கள். தேதி நினைவில்லாவிட்டால் பொங்கல், மாங்காய்ப் பருவம், பிள்ளை பிறந்தது, அப்பா மறைந்தது என்று அடையாளம் வையுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் தூக்கம், பணம், குடி, அப்போது எடுத்த மருந்து. அப்பா வழியிலோ அம்மா வழியிலோ எவருக்காவது இப்படி இருந்ததா, தற்கொலை நடந்ததா என்பதையும் விசாரித்து ஓரத்தில் எழுதுங்கள். கேள்விக்குறி போட்டவரிடமே அந்தத் தாளோடு போங்கள். அண்ணியும் வரட்டும்.

தாளை அண்ணனுக்குத் தெரியாமல் எழுத வேண்டாம்.

---

காவேரிப்பட்டணத்தான்

நேற்று மாலை திண்ணையில் உட்கார்ந்து, பழைய நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் வரைந்தோம். அம்மா, அண்ணி, நான் மூவரும் சொல்லச் சொல்ல இரண்டு மேடும் நான்கு பள்ளமும் வந்தன. அம்மாவின் தாய்மாமா ஒருவர் இளவயதிலேயே கிணற்றில் விழுந்தது தவறி விழுந்ததல்ல என்பதை அம்மா நேற்றுதான் முதன்முறையாகச் சொன்னார்.

அண்ணன் சற்றுத் தள்ளிப் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டும் நேரத்தில் எழுந்து வந்து, என் கையிலிருந்த பென்சிலை வாங்கி, 2006 என்று எழுதி, எங்கள் எவருக்கும் தெரியாத ஒரு மேட்டை வரைந்தார். தருமபுரியில் கல்லூரியில் படித்தபோது பதினைந்து நாள் விடுதியில் தூங்கவே இல்லை என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. வியாழக்கிழமைக்கு மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறோம்.